லண்டன் மேடம் டுசாட்ஸ்: குடும்பத்தோடு போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து லண்டனுக்கு உறவினர் வந்தால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் கூடவே வந்துவிடும். டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, அப்புறம் “அந்த மெழுகுச் சிலை வைத்திருக்கிற இடம்”. மேரிலபோன் சாலையில் 1884 முதல் இருக்கும் மேடம் டுசாட்ஸ்தான் அது. போய்வந்தவர்கள் பலர் சொல்வதும் ஒன்றுதான்: கூட்டம் தாங்கவில்லை, சீட்டு விலை அதிகம், குழந்தை பாதியில் அழுதுவிட்டது, படம் மட்டும் நிறைய எடுத்தோம்.

கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் கூட்டத்தையும் அழுகையையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். விலையைப் பற்றி என் எண்ணம் இது: பிரபலங்களோடு படம் எடுப்பதற்கு மட்டும் போனால் அது அதிகம்தான். அந்த உருவங்களைச் செய்த கைவேலையை நின்று பார்க்கவும் போனால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தால், கொடுத்த பணத்துக்குத் தகும். இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் இந்த இடம் நிரம்பிவிடும். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை கோடை விடுமுறை. அதைத் தவிர அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு, மே கடைசி ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு வார இடைவிடுமுறை வரும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சொல்லவே வேண்டாம். உங்கள் பிள்ளைகள் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறார்கள் என்றால் இங்குள்ள பள்ளி நாள்களில் ஒரு செவ்வாய் அல்லது புதன் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

மழை நாளுக்கென்று இதை ஒத்திவைப்பது பலர் செய்யும் வேலை. லண்டனில் மழை பெய்தால் ஊர் பார்க்க வந்த எல்லாரும் கூரை உள்ள இடத்தைத்தான் தேடுவார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் காலையில் இங்கே போய்விட்டு, மதியத்தைப் பூங்காவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அருகிலேயே ஒரு அருமையான பூங்கா இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நாளுக்கு நாள் மாறும். சீட்டு எடுக்கும்போதே அந்தத் தேதிக்கு உரிய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கிடைத்தால் அன்றைய முதல் நுழைவு நேரத்தையே எடுங்கள். அரை மணி நேரம் முந்தினால் முதல் சில அறைகளில் உருவங்களுக்கு முன்னால் வரிசையே இருக்காது.

2. சீட்டு

இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிட விலை குறைவு. நுழைவு நேரம் குறித்த சீட்டுதான் தருவார்கள். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் அங்கே நின்றால் போதும். ஒரு மணி நேரம் முன்னால் போய்க் குழந்தைகளை நடைபாதையில் நிற்கவைக்க வேண்டாம். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அவர்களையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

மேடம் டுசாட்ஸை நடத்தும் மெர்லின் நிறுவனமே லண்டன் ஐ ராட்டினம், சீ லைஃப் மீன்காட்சியகம், லண்டன் டன்ஜன் என்ற திகில் காட்சி ஆகியவற்றையும் நடத்துகிறது. இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துக் கூட்டுச் சீட்டு விற்பார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட இது நல்ல மிச்சம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா, வேறு நாளில் போகலாமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். தாத்தா பாட்டியை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் இதையும் ராட்டினத்தையும் முடிப்பது அவர்களுக்குப் பெரிய சோதனை. லண்டனிலேயே வசிக்கும் குடும்பமாக இருந்து, வருடத்தில் மூன்று நான்கு முறை இப்படி வெளியே போவீர்கள் என்றால் மெர்லின் ஆண்டுச் சீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. யார் யார் வருகிறார்கள்?

கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை நம்பாதீர்கள். அதை வாசலருகே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் அதைக் கொண்டுபோங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் வரை நிற்பதும் நகர்வதுமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியோடு வருபவர்கள் கட்டாயம் முன்பதிவு செய்ய வேண்டும். தீ விபத்து நேரத்தில் வெளியேற்றும் வசதியைக் கருதி, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய சக்கர நாற்காலிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான வேலை. கிளம்புவதற்கு முந்தைய இரவு எல்லாரையும் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்குக் காந்தியும் சர்ச்சிலும், அம்மாவுக்கு அமிதாப் பச்சன், பிள்ளைக்கு மார்வெல் நாயகர்கள் என்று வரட்டும். அதன் பிறகு அந்த உருவங்கள் இப்போது லண்டனில் காட்சியில் இருக்கின்றனவா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். இங்கே உருவங்கள் மாறிக்கொண்டே இருக்கும். சிலவற்றை எடுத்துவிடுவார்கள், சில வேறு நாட்டுக் கிளைக்குப் போய்விடும். நம் ஆட்கள் செய்தியில் படித்துவிட்டு லண்டனில் தேடும் காஜல் அகர்வால் உருவம் 2020-ல் திறக்கப்பட்டது சிங்கப்பூர்க் கிளைக்காக. அமிதாப் 2000-ல் லண்டனில் இடம்பெற்றார். அங்கே உருவம் வைக்கப்பட்ட முதல் இந்திய நடிகர் அவர்தான்.

4. போகும் வழி

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் மேரிலபோன் சாலையில் இரண்டு நிமிட நடை. பேக்கர்லூ, ஜூபிலி, மெட்ரோபாலிட்டன், சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்று ஐந்து தடங்கள் அங்கே வருகின்றன. தமிழர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளிலிருந்து ரயில் மாறாமலே வந்துவிடலாம் என்பது நமக்கு ஒரு வசதி. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி, ஹாரோவிலிருந்து மெட்ரோபாலிட்டன், வெம்பிளி பார்க்கிலிருந்து ஜூபிலி அல்லது மெட்ரோபாலிட்டன்.

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் படிகளைத் தவிர்க்க முடியாது. படி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் பேருந்தே நல்லது. லண்டன் பேருந்துகள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு. வெம்பிளிப் பக்கமிருந்து 18-ஆம் எண், கிங்ஸ் கிராஸ் பக்கமிருந்து 205-ஆம் எண் மேரிலபோன் சாலை வழியாகப் போகின்றன.

11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு பேர் வரை சுரங்க ரயிலில் இலவசமாகப் பயணிக்கலாம். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும். ஒரே வங்கி அட்டையை இரண்டு பேருக்கு மாற்றி மாற்றித் தட்டினால் வாயிற்கதவு திறக்காது. வாரநாளில் காலை 9:30-க்கு முன் கட்டணம் கூடுதல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. ரயிலில் சொல்ல ஒரு கதை

இந்த இடத்தின் பெயருக்கு உரிய பெண்மணியின் கதை தெரிந்துவிட்டால் பிள்ளைகள் உள்ளே பார்க்கும் பார்வையே மாறிவிடும். போகும் வழியில் சொல்லிவிடுங்கள்.

மேரி 1761-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்தவர். தந்தை இல்லை. தாய் பிலிப் குர்ட்டியஸ் என்ற மருத்துவர் வீட்டில் வேலை பார்த்தார். அந்த மருத்துவர் உடலுறுப்புகளை மெழுகில் செய்வதில் கைதேர்ந்தவர். பிறகு மனித முகங்களைச் செய்யத் தொடங்கிப் பாரிஸில் காட்சிசாலை வைத்தார். சிறுமி மேரி அவரிடமே தொழில் கற்றார். 1777-ல், பதினாறு வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் உருவத்தைச் செய்தார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மேரி சிறையில் அடைக்கப்பட்டார். தலையை வெட்டும் கில்லட்டின் கருவிக்கு அனுப்புவதற்காகத் தன் தலைமுடியைக்கூட மழித்துவிட்டார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உயிர் தப்பிய பிறகு, வெட்டுண்ட தலைகளுக்கு அச்சு எடுக்கும் வேலை அவருக்கு வந்தது என்பதும் அவர் சொன்ன கதைதான். (சிறு பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் இதைத்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள்.)

1794-ல் குர்ட்டியஸ் இறந்தபோது தன் உருவங்களையெல்லாம் மேரிக்கு விட்டுச்சென்றார். அடுத்த ஆண்டு மேரி, பிரான்சுவா டுசோ (ஆங்கில உச்சரிப்பில் டுசாட்) என்பவரை மணந்தார். 1802-ல் நான்கு வயது மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு, உருவங்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணவரிடம் திரும்பிப் போகவேயில்லை. 33 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்க் காட்சி நடத்தி, 1835-ல்தான் பேக்கர் ஸ்ட்ரீட்டில் நிலையாக ஓர் இடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். தன்னையே மெழுகில் செய்ததும் அதற்குப் பிறகுதான், 81 வயதில். 1850-ல் இறந்தார். சின்னப் பிள்ளையோடு ஊர் விட்டு ஊர் வந்து, சொந்தக் கைத்தொழிலால் நிமிர்ந்த பெண். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய வாழ்க்கை இது.

அவர் விட்டுச்சென்ற உருவங்கள் எல்லாம் தப்பவில்லை. 1925-ல் பெரும் தீ. மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். 1940-ல் ஜெர்மன் குண்டு விழுந்து முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலை அச்சுகள் நொறுங்கின.

6. உள்ளே நுழைந்ததும்

விமான நிலையத்தில் பார்ப்பதுபோலப் பையைச் சோதிப்பார்கள். பெரிய பயணப் பெட்டிகளுக்கு அனுமதி இல்லை. விமான நிலையத்திலிருந்து நேரே வர வேண்டாம். குளிர்காலத்தில் தடித்த மேலங்கியைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டியிருக்கும், உள்ளே வெக்கையாக இருக்கும். மடித்து வைக்க ஒரு துணிப்பை எடுத்துப்போனால் கை சும்மா இருக்கும்.

பாதை பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது. ஒரு பகுதியைத் தாண்டிவிட்டால் கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி வருவது சிரமம். அதனால் இரண்டு விஷயம்: பிள்ளைகளை முதலிலேயே கழிப்பறைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள், ஒரு பகுதியை விட்டுப் போகும் முன் “இங்கே யாராவது விட்டுப்போச்சா?” என்று எல்லாரையும் கேட்டுவிடுங்கள். பிள்ளை கைவிட்டுப் போனால் எங்கே சேர்வது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அசையாமல் நிற்பது யார், சிலை யார் என்று ஒரு கணம் பெரியவர்களுக்கே புரியாது. தொலைந்த குழந்தைக்கு அது பெரிய பயம்.

நுழைவாயிலிலும் வேறு சில இடங்களிலும் ஊழியர்களே படம் எடுப்பார்கள். அது கடைசியில் விலைக்கு. வேண்டாம் என்றால் புன்னகையோடு மறுத்துவிட்டு நகரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

7. உருவத்தை எப்படிப் பார்ப்பது

எல்லா உருவத்தின் முன்னாலும் ஓட வேண்டாம். ஐந்தாறு உருவங்களை மட்டும் நின்று பாருங்கள். முகத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் கையைப் பாருங்கள். விரல் மூட்டின் சுருக்கம், நகத்தடியில் உள்ள வெளிர் பிறை, புறங்கையில் ஓடும் பச்சை நரம்பு. வயதானவர்களின் உருவத்தில் தோல் தளர்ந்திருக்கும் விதத்தைப் பிள்ளைக்குக் காட்டி, பக்கத்தில் நிற்கும் தாத்தாவின் கையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா மறுக்க மாட்டார்.

அப்புறம் கண். வெண்விழியில் தெரியும் மெல்லிய இரத்த நாளங்கள் வண்ணப் பூச்சு மட்டுமில்லை. சிவப்புப் பட்டு நூலிழைகளைப் பதித்துச் செய்வார்கள். அரை அடி தூரத்தில் நின்றால் தெரியும்.

பிறகு தலைமுடியின் ஓரத்தை, நெற்றியில் முடி தொடங்கும் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முடியையும் ஊசியால் மெழுகுக்குள் தனித்தனியாகச் செருகியிருக்கிறார்கள். தலை ஒன்றுக்கு மட்டும் பல வார வேலை. முடி எந்தப் பக்கம் சாய்கிறது, சுழி எங்கே இருக்கிறது என்பதுவரை உரிய ஆளைப் பார்த்தே செய்ய வேண்டும். புருவமும் அப்படித்தான்.

பிள்ளைகள் “இதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்பார்கள். சுருக்கமாக இதைச் சொல்லலாம். பிரபலம் சம்மதித்தால் சில மணி நேரம் உட்காரவைத்து உடலெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுப்பார்கள், எல்லாக் கோணத்திலும் படம் பிடிப்பார்கள், கண்ணின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் மாதிரிகளோடு வைத்துப் பார்ப்பார்கள். அதை வைத்து முதலில் களிமண்ணில் உருவம். குளிர்ந்ததும் மெழுகு சுருங்கும் என்பதால் களிமண் உருவத்தை இரண்டு சதவீதம் போலப் பெரிதாகவே செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய மெழுகை ஊற்றித் தலையும் கையும் வார்ப்பார்கள். துணிக்குள் மறையும் உடல் மெழுகே இல்லை, கண்ணாடியிழை. கடைசியில் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசித் தோல் நிறம் வரவழைப்பார்கள். மெழுகுக்குள் ஒளி கொஞ்சம் புகுந்து வெளிவரும். நம் தோலும் அப்படியே. உயிருள்ளதுபோலத் தோன்றுவதற்கு அது ஒரு பெரிய காரணம். மொத்தம் மூன்று நான்கு மாத வேலை, சுமார் 1,50,000 பவுண்டு செலவு என்று சொல்வார்கள்.

எல்லா உருவமும் ஒரே தரத்தில் இருக்காது. சிலவற்றில் கண் அப்படியே பேசும். சிலவற்றில் தாடை ஏதோ வேறு ஆளைப்போல இருக்கும். “எது அச்சு அசல், எது ஒட்டவில்லை, ஏன்?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகூட மூக்கு, உதடு, நிற்கும் விதம் என்று காரணம் சொல்லத் தொடங்கும். அங்கே நடக்கும் மிக நல்ல உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

‘தூங்கும் அழகி’ காட்சியில் இருந்தால் தவறவிடாதீர்கள். குர்ட்டியஸ் 1765-ல் செய்த உருவத்தின் வழி வந்தது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரியின் சாயல் என்பார்கள். உள்ளே உள்ள பொறியால் அதன் மார்பு மெதுவாக ஏறி இறங்கும். சிறு குழந்தைகளை முன்கூட்டியே எச்சரித்து அழைத்துப்போங்கள். அருகே மேரி டுசாட்டின் உருவம் கண்ணில் பட்டால், ரயிலில் சொன்ன கதையின் ஆள் இவர்தான் என்று காட்டுங்கள்.

பெரும்பாலான உருவங்களுக்குக் கயிறோ கண்ணாடியோ கிடையாது. தோளில் மென்மையாகக் கை போடலாம். முகத்தைத் தொடுவதோ முடியை இழுப்பதோ கூடாது. திறக்கும் முன் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு குழு சுற்றிவந்து கலைந்த முடியையும் அழிந்த பூச்சையும் சரிசெய்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொன்னால் கை தானாகவே அடங்கும்.

8. படம் எடுக்கும்போது

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், மெழுகின் பளபளப்பு அதில் அசிங்கமாகத் தெரியும். மேலிருந்து விழும் விளக்கால் கண்ணுக்கடியில் நிழல் விழுந்தால் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே சரியாகிவிடும். குழந்தை இருக்கும் படத்தில் நீங்கள் குனிந்து, குழந்தையின் முக உயரத்தில் கைபேசியை வையுங்கள். வெறுமனே பக்கத்தில் நிற்பதைவிட உருவம் என்ன செய்கிறதோ அதையே செய்யச் சொன்னால் படம் களைகட்டும். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டால் முழுக் குடும்பத்தையும் எடுத்துத் தருவார், நீங்களும் அவருக்கு எடுத்துக்கொடுங்கள். கைபேசியில் மின்சாரம் தீராமல் இருக்கச் சிறிய மின்சேமிப்புக் கருவி ஒன்று போதும்.

9. பயமறை, மார்வெல் காட்சி, கருப்பு டாக்ஸி

‘சேம்பர் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற பகுதி கொலைகாரர்களையும் குற்றங்களையும் பற்றியது. 2016-ல் மூடப்பட்டு 2022-ல் மறுபடி திறந்தார்கள். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லவே கூடாது என்பது என் கருத்து, “எனக்குப் பயமே இல்லை” என்று அவர்கள் எவ்வளவு சொன்னாலும். உள்ளே போகாமல் தாண்டிப் போக வழி உண்டு, ஊழியரைக் கேட்டால் காட்டுவார். பதின்ம வயதினர் போக ஆசைப்பட்டால் பெற்றோரில் ஒருவர் உடன் போகட்டும்.

கட்டடத்தின் மேல் தெரியும் பச்சைக் குவிமாடம் 1958 முதல் 2006 வரை கோளரங்கமாக இருந்தது. இப்போது அதற்குள் மார்வெல் நாயகர்களின் சிறு நான்குபரிமாணப் படம். இருக்கை அசைவதும் தண்ணீர் தெளிப்பதும் சில குழந்தைகளுக்குப் பிடிக்காது. கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸ்பிரிட் ஆஃப் லண்டன்’. லண்டனின் கருப்பு டாக்ஸியைச் சிறிதாக்கியது போன்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தால், கொள்ளைநோய், பெருந்தீ, போர்க்காலம் என்று நகரத்தின் நானூறு ஆண்டுகளை ஐந்து நிமிடத்தில் கடந்து போகலாம். பெரியவர்களுக்குக் கால் ஆறும். வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஏற வேண்டும் என்பதால், தடுமாறும் பாட்டி இருந்தால் ஊழியரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

10. வெளியே வந்த பிறகு

நினைவுப் பொருள் கடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு தொகையை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடையைத் தாண்டியதும் சாலையைக் கடக்காமலே யார்க் கேட் வழியாக ரீஜண்ட்ஸ் பார்க்குக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். புல்வெளி, படகு ஓடும் ஏரி, விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தால் அதைப் பிரிக்க இதைவிட நல்ல இடமில்லை. வீட்டுச் சாப்பாடு இல்லையென்றால் 18 அல்லது 205-ஆம் எண் பேருந்தில் யூஸ்டன் போய், நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டிரம்மண்ட் தெருவில் தேடுங்கள். தோசை கிடைக்கும் இந்தியச் சைவ உணவகங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்ற தெரு அது.

இன்னும் தெம்பு இருந்தால் பேக்கர் ஸ்ட்ரீட்டிலேயே 221-பி என்ற எண் தாங்கிய ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகமும் இருக்கிறது. குறுகலான மாடிப்படிகள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களைப் பூங்காவில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் போய்வாருங்கள். மாலை நான்கு மணிக்கு முன் ரயிலேறிவிட்டால் கூட்ட நேரக் கட்டணமும் இல்லை, பெரியவர்களுக்கு உட்கார இடமும் கிடைக்கும்.